யார் கைக்கு வாங்கிய கையுறை

புதன்கிழமை. மழை.

"சாறே, இந்தக் கிளவுஸ் ஆருக்க கைக்காக்கும் வாங்குனது?" என்று போன மாதம் ஷீலா கேட்டாள். பஞ்சாயத்துக்காக வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் பெண்களில் ஒருத்தி, என் பழைய மாணவி. நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இன்று உடைந்த பாட்டில் அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். கையுறை போடாமல் வேலை செய்ததால் சிகிச்சைச் செலவு தரமுடியாது என்கிறார் கையுறை வாங்கிய பஞ்சாயத்துக் கொள்முதல் குழுத் தலைவர்.

"வாங்கிக் குடுத்தாச்சு, இடமாட்டேங்கியாளுவ. மடியாக்கும் சாறே." சோம்பலாம்.

வகுப்பில் ஒருநாளும் உயராத என் குரல் உயர்ந்துவிட்டது. "மடியில்ல ஓய், அளவு தப்பு! தப்பு நம்மதாக்கும்!"

"நீங்களும் ஒப்பிட்டதுதானே?"

ஆம், கையெழுத்துப் போட்டேன். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். மாதிரி வந்த அன்று ஐந்து ஆண்கள் ஒவ்வொருவராக மாட்டி, விரலை மடக்கி, "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினோம். மண்ணுக்குக் கேடில்லாத ரப்பர் என்று பெருமை வேறு. போடப்போகிற பெண்களில் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. அவர்கள் விரல் நுனிக்குமேல் ஓர் அங்குலம் ரப்பர் தொங்குகிறது. எதையும் எடுக்கமுடியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என் செருப்பைக் கொடுத்துவிட்டு, ஓடவில்லையென்றால் மடியன் என்பேனா?

ஷீலாவின் சிகிச்சைச் செலவைத் தருவதாக எழுதி வாங்காமல் நாளை பஞ்சாயத்து அலுவலகத்தை விட்டு வரமாட்டேன்.

இனி எதற்கும் கையெழுத்திடுமுன், அதை வேலை செய்கிறவளின் கையில் மாட்டி, தரையில் கிடக்கும் ஒரு பாட்டில் மூடியை எடுக்கச் சொல்லிப் பார்.