பன்னிரண்டு மணிக்குப் பனி

இன்றைக்குக் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டைக் காணோம். தெருவிளக்கு மட்டும் அந்தரத்தில் மஞ்சளாகத் தொங்கியது. மார்கழிப் பனி. ரோட்டில் சிமெண்டு லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போயின. ஈரமும் புழுதியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று வந்தது. பனி இருந்த இடம் தெரியவில்லை. நம்ம ஊர்ப் பனி அவ்வளவுதான், வெயிலைக் கண்டால் நிற்காது. அது உனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் உனக்கு வினையாகப் போயிற்று.

உன்னிடம் நேரிலேயே சொல்லிப் பார்த்துவிட்டேன், நீ கேட்கவில்லை. இனிமேல் கேட்கப் போவதும் இல்லை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். உயிரோடு இருந்திருந்தாலும் இந்த மடலை நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அதனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு நான் வந்தபோது நீ பாவாடை கட்டிய பெண். நாத்தனார் என்றால் வாயும் வம்புமாக இருப்பாள் என்று என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். வாய் இருந்தது உண்மைதான். வம்பு இல்லை. உன்னை அரியலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு ஆடிச்சீரும் பொங்கல்சீரும் வருஷம் தவறாமல் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பொங்கலுக்கு, பஸ் நெரிசலில் பித்தளைக் குடம் நசுங்கிப் போயிற்று. மாற்றித் தருகிறேன் என்று நான் கூசி நின்றேன். நீ பிடுங்கிக்கொண்டாய்.

"பொறந்த வூட்டுலேர்ந்து வந்தத வேணாம்னு சொல்லக் கூடாதுங்க அண்ணி. நீங்க கல்லக் கொண்டாந்தாலும் வாங்கி வச்சிக்குவேன்."

உங்கள் கொல்லை சுண்ணாம்புக்கல்லுக்குப் போன கதையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பும் கடலையும் விளைந்த இடத்தைத் தோண்டித் தோண்டி, கல்லை அள்ளிக்கொண்டு, பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அதில் மழைத்தண்ணீர் தேங்கி, நீலமும் பச்சையுமாக ஒரு நிறம் வந்தது. டவுன் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு போட்டோ எடுக்க வந்தார்கள். பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நீ முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வாய். கடைசி வரைக்கும் அந்தத் தண்ணீரை நீ ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை.

என் பேத்தி, மகன் வயிற்றுப் பேத்தி, நீலகிரியில் வனக்காப்பாளர் வேலைக்குப் போனாள். காக்கிச் சட்டை போட்டு அவள் எடுத்துக்கொண்ட படத்தை நான் தெருவில் யாருக்குக் காட்டவில்லை? உன் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் போனை உன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மலைமேல் இருக்கிற தண்ணீரைக் காட்டினாள்.

"இது எந்தக் கம்பெனிப் பள்ளம் பாப்பா?"

"பள்ளம் இல்ல அத்தப்பாட்டி, ஏரி. எங்க தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. நடந்துதான் போவணும்."

"யாரு கொல்லைய வெட்டுனாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "யாரு கொல்லையும் இல்ல."

நீ அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. யாருடைய நிலத்தையும் தோண்டாமல் இப்படி ஒரு நீலம் இருக்குமா என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டாய்.

அப்போதே சர்க்கரை உன் கண்ணைப் பிடித்திருந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்கு வந்தேன். போன பார்வை போனதுதான், இருக்கிற பார்வையை ஊசி போட்டுக் காப்பாற்றலாம், விடாமல் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் இருப்பது தெரியும், தூரம் கலங்கும், நிறம் தெரியும். அவ்வளவு மிச்சம் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போறதுக்குள்ள அந்தத் தண்ணியப் பாத்துடணும் அண்ணி" என்றாய். வேறு எதையும் நீ என்னிடம் கேட்டதே இல்லை.

புரட்டாசியில் பேத்தியோடு மலைக்குப் போனோம். அந்தக் குளிரில் நீ உன் பேரனுடைய கான்வாஸ் ஷூவைச் சேலைக்கு அடியில் மாட்டிக்கொண்டு நின்றதும், நான் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டதும், நீ என்னைப் பார்த்து, "அண்ணன் இந்தக் கோலத்துல உங்கள பொண்ணு பாத்திருந்தா பஜ்ஜியக்கூடத் தொட்டிருக்க மாட்டாரு" என்றதும் நினைவிருக்கிறது. செக்போஸ்ட்டில் இருந்த காவலர், "உங்க பாட்டிங்களா மேடம்?" என்று பேத்தியைக் கேட்டார். மேடம்! நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன். வழியில் இருந்த போர்டை எல்லாம் நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது. சத்தம் போடக் கூடாது.

"அப்ப உங்கள எப்பிடி உள்ள வுட்டாங்க?" என்றாய்.

ஜீப் போகிற தூரம் போய், அதற்கு மேல் நடந்தோம். புல் மூடிய மலைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. மடிப்புகளில் மட்டும் காடு அடர்ந்து இருட்டிக் கிடந்தது. வரையாடு நிற்கிறது என்று பேத்தி கையைக் காட்டினாள். எனக்குத் தெரிந்தது. நீ தலையை மட்டும் ஆட்டினாய். காலில் அட்டை ஏறியபோது, "சர்க்கர ரத்தம், குடிச்சிட்டு அதுவும் ஊசி போட்டுக்கட்டும்" என்றாய். நாங்கள் சிரித்த சிரிப்பில் போர்டில் எழுதியது எல்லாம் காற்றில் போயிற்று.

மேடு ஏறி முதல் ஏரிக் கரைக்கு வந்தோம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வெள்ளையாக வந்து மூடிவிட்டது. என் பக்கத்தில் நீ நிற்பது தெரிந்தது. என் கால் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

நீ கையை முன்னால் நீட்டித் துழாவினாய். பிறகு மெதுவாக, "மணி என்ன அண்ணி?" என்று கேட்டாய்.

"பன்னண்டு இருக்கும்."

"எதுத்தாப்புல தண்ணி இருக்கா?"

"இருக்குதாம். எனக்கும் ஒண்ணும் தெரியல புள்ள. பனி மூடிடிச்சு."

"பன்னண்டு மணிக்குப் பனியா?" நீ சிரித்தாய். "யாருகிட்ட அண்ணி? உச்சி வேளையில எந்த ஊருலங்க பனி பெய்யுது?"

"சத்தியமா பனிதான். வேணும்னா இவளக் கேளு."

"ஆமா அத்தப்பாட்டி, மலையில எந்நேரமும் வரும். இப்ப வெலகிடும் பாருங்க" என்றாள் பேத்தி.

"அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் நீ தர்க்கம் பண்ணவில்லை. பக்கத்தில் இருக்கிற நான் தெரிகிறேன், தூரத்தில் இருக்கிற தண்ணீர் தெரியவில்லை. உன் கண் பழுதானதும் அப்படித்தான். மிச்சம் இருந்ததும் இந்த இடத்தில் போய்விட்டது என்று உனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டாய்.

காத்திருந்தோம், விலகவில்லை. இன்னொரு ஏரிக்கு நடந்தோம். அங்கேயும் அதே வெள்ளை. பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கிழவிகளுக்காக யார் யாரிடமோ அனுமதி கேட்டு, லீவு போட்டு வந்தவள். நீ அவள் குரல் உடைந்ததைக் கேட்டாய். கரையில் போய் நேராக நின்றுகொண்டு, கையை நெற்றியில் வைத்து, அந்த வெள்ளையைப் பார்த்தாய்.

"அடேயப்பா, எம்மாம் நீலம்! அந்தக் கரை வரைக்கும் தெரியுது. கண்ணு நெறையப் பாத்துட்டேன் சாமி. நீ நல்லாருக்கணும்."

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியவில்லை.

ஊருக்கு வந்தபின் உனக்கு முன்னைப் போலவே மங்கலாகத் தெரியத்தான் செய்தது. அதைச் சொல்லி உன்னை நம்ப வைக்கலாம் என்று பார்த்தேன். "வந்து வந்து போவுது அண்ணி. ஒரு நாளு வராமப் போயிடும்" என்றாய். திருச்சிக்கு வர மறுத்தாய். போகிற கண்ணுக்கு ஊசி எதற்கு என்றாய். பேத்தி அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். அதில் நாம் இரண்டு பேரும் நிற்கிறோம், பின்னால் எல்லாம் வெள்ளை.

"பாரு. ஊரே வெள்ளையா இருக்குது பாரு. பனின்னு சொன்னேன்ல?"

மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாய். "பாத்தீங்களா, போட்டோவுலயும் எனக்குத் தூரத்துல வெள்ளையாத்தான் தெரியுது."

நான் என்ன செய்வேன்? உன் மகனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவனையும் நம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து உன்னை ஆற்றுகிறோம் என்று எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டாய். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விட்டாய். அடுத்த வருஷத்துக்குள் பார்வை நிஜமாகவே போயிற்று. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாய். காலில் புண் வந்தது. ஐப்பசி மழையில் நீ போய்ச் சேர்ந்தாய். பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் கொண்டுவந்து உன்மேல் போர்த்தினேன். நீலச் சேலை. கடையில் அந்த நிறத்தைத்தான் கை எடுத்தது.

இந்த மார்கழி பிறந்ததும் பேத்தி என்னை மறுபடி அங்கே அழைத்துப் போனாள். மனசு மாறும் என்று நினைத்தாள். அன்றைக்கு வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. அதே மேட்டில் ஏறினேன். தண்ணீர் தெரிந்தது. முழுவதும் தெரிந்தது. புல்மலை தலைகீழாக அதில் இறங்கிக் கிடந்தது. நீ சொன்ன நீலம்தான். அந்தக் கரை வரைக்கும். நீ பொய்யாகச் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மணி கேட்டேன். பன்னிரண்டு ஆகப்போகிறது என்றாள். பனி வா, வந்து மூடு என்று மனசுக்குள் மன்றாடினேன். வரவில்லை.

கீழே இறங்கும்போது, இவ்வளவு தண்ணீர் எப்படி மலைமேல் நிற்கிறது என்று கேட்டேன். "அணை கட்டி நிறுத்துனதுதான் அப்பத்தா. ஒரு பள்ளத்தாக்கே உள்ள முழுகிக் கெடக்கு. மலைக்காரங்க எரும மேஞ்ச புல்வெளி எல்லாம் அடியில போயிடிச்சு" என்றாள். யாரு கொல்லையும் இல்ல என்று அன்றைக்குச் சொன்னாயே என்று நான் கேட்கவில்லை. அவள் சின்னப் பெண். உன் கேள்வி அவளுக்கு விளையாட்டாகத் தெரிந்திருக்கும். ஜீப்பில் ஏறி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். குளிருகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எந்த ஆறுதலும் எனக்குக் கிடைக்கவில்லை, புள்ள. நீ பார்த்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. பார்த்திருந்தால் ஊசி போட்டுக்கொண்டிருப்பாய், இன்றைக்கு இந்தப் பனியில் போன் பண்ணி, "அண்ணி, எதுத்த வூடு தெரியலங்க" என்று கத்தியிருப்பாய் என்று அடுத்த நிமிஷமே தோன்றுகிறது. இரண்டில் எதுவும் என்னைத் தூங்க விடுவதில்லை.

நசுங்கிய குடத்தை வாங்கிக்கொண்டாய். நிறம் போன சேலையை வாங்கிக்கொண்டாய். நான் எதைக் கொண்டுவந்தாலும் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அந்த மலையில் ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து கொடுத்தேன். பனி என்றேன். அதுவும் உன் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுதானே? அதை மட்டும் நீ வாங்கவில்லை. சீர்த்தட்டோடு என் கையிலேயே நிற்கிறது. இறக்கி வைக்க எனக்கு ஒரு வாசல் இல்லை.