வுட்டுடாத

ஜூன் 10, திங்கள்

சித்தேரி மலை ரோட்டில் தடுப்புச் சுவர் வேலை தொடங்கி நாற்பது நாள். பாதி ரோடுதான் திறந்திருக்கிறது. மேல்முனையில் நான், கீழ்முனையில் காஜா, நடுவில் ஒரு வளைவு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாக்கி-டாக்கியில் சொல்லிச் சொல்லித்தான் வண்டிகளை மாற்றி மாற்றி விடுகிறோம். இருபது வருஷச் சிநேகிதம், இப்போது பகல் முழுக்க "வுடு", "வுட்டுடாத" என்ற இரண்டு வார்த்தையில் ஓடுகிறது. கால் மரத்துப்போகிறது.

இன்ஜினியர் சசிகலா மேடம் இன்றும் அதே பாட்டு. பேசி முடித்து ஒரு நொடி கழித்துப் பட்டனிலிருந்து விரலை எடுக்கணும், செல்போன் பெட்டியில் இருக்கணும். தலையாட்டிவிட்டு செல்லைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

மரவள்ளிக்கிழங்கு லாரியைக் கீழே அனுப்பிவிட்டு, காஜாவிடம் வுட்டுடாத என்றேன். அவன் கீழேயிருந்து வண்டிகளை விட்டுவிட்டான். வளைவில் லாரியைக் கண்டதும் பைக்கில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் பள்ளத்தில் விழுந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"வுட்டுடான்னுதான் மேடம் எனக்குக் கேட்டுச்சு" என்றான் காஜா. "வுட்டுடாதன்னு சொன்னேனுங்க" என்றேன் நான். அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். என்னை யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

இரண்டு பேரும் சொன்னது உண்மையாக இருந்தால்?

நேற்று வாக்கியில் பேசும்போதே செல் அடித்தது. என் சம்சாரம் நிர்மலாதான். சிலிண்டர் வந்திருக்கு, புக்கு எங்கே வெச்சீங்க என்று. அதை எடுக்கிற அவசரத்தில் பட்டனிலிருந்து விரலை — எப்போது எடுத்தேன்?

ஜூன் 15, சனி

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்கியை முருகேஷிடம் கொடுத்தேன். காஜா இடத்துக்கு வந்திருக்கிறவன். வளைவு தாண்டி நிற்கச் சொல்லி, வுட்டுடாத என்று சொல்லிக்கொண்டே விரலை வெடுக்கென்று எடுத்தேன்.

"எதண்ணே வுடணும்?" என்று கேட்டான்.

கடைசி எழுத்து போய்ச்சேரவில்லை. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். வருஷா வருஷம் காஜா வீட்டிலிருந்து பிரியாணி வரும். இந்த வருஷமும் அவன் சம்சாரம் குல்ஷன் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நிர்மலாவும் பிள்ளையும் சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

சொன்னால் வேலை போகும். மகள் கனிமொழியைக் காலேஜில் சேர்க்க வேண்டிய மாசம். சொல்லாவிட்டால்? எவ்வளவு நாளைக்குடா நவநீதா இப்படி?

ஜூன் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். மேடம், எட்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். பயமா இருந்துச்சுங்க என்றேன். வாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் பாப்பிரெட்டிப்பட்டியில் காஜா வீடு. நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சேன்டா. பண்டிகையன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

உட்காரச் சொல்லவில்லை. பாவி, நான் செய்ததற்கு அவன் போய்க் கை கும்பிட்டிருக்கிறான்.

ஜூன் 24, திங்கள்

எனக்கு வேலை இல்லை. காஜாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இனிமேல் வாக்கியில் "பச்சை", "சிவப்பு" மட்டும்தானாம், கேட்டவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் வண்டி நகருமாம். முருகேஷ் சொன்னான்.

பஸ் பிடித்துத் தருமபுரி போனேன். அந்த அம்மா காலில் கட்டோடு படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"போன வாரம் வந்தவரும் தன் மேலதான் தப்புன்னாரு. நெசமா யாரு மேலங்க?"

"என் மேலதாங்க" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.