கரிசலில் விட்ட ஒட்டகம்

ஜூலை 6
ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சேலை எடுக்கப் பக்கத்து வீட்டு ருக்ஸானாவோடு போனேன். ஜவுளிக்கடை வாசலில் ஒட்டகம்! சேலை எடுத்தால் பிள்ளைகளுக்குச் சவாரி இலவசமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தார் ரோட்டில் மண்டி போட்டுப் போட்டு முழங்கால் தோல் உரிந்து கிடக்கிறது. மூக்குக்கயிற்றில் ஈ. சேலை எடுக்காமலே வந்துவிட்டோம்.

ஜூலை 8
எங்கள் தெருப் பெண்கள் தபசுக்கு மொத்தமாகப் போய் ஒரே கடையில்தான் எடுப்போம். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டேன்: "ஒட்டகம் வாசலில் நிற்கும் வரை அந்தக் கடைப் படி ஏற மாட்டோம்." ருக்ஸானா எடுத்த முழங்கால் படத்தையும் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விட்டது. புளியங்குடியிலிருந்துகூட யாரோ பேசினார்கள்.

ஜூலை 12
கடையில் ஈ ஓட்டுகிறார்களாம்.

ஜூலை 14
கடை முதலாளி ஆனந்த்சங்கர் வீட்டுக்கே வந்துவிட்டார்.
"எக்கா, சவாரிய நிப்பாட்டிட்டேன். ஒட்டகக்காரனும் கயித்த என் கையில குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான். இனி அத நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க."
நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திருவேங்கடத்தில் தம்பியின் கரிசல் காடு விதைக்காமல் சும்மா கிடக்கிறது, அங்கே விடலாம் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு ஜெயித்த மிதப்பு.

ஜூலை 15
தம்பி சிவராமலிங்கம் போனில் சிரிக்கிறான். "எக்கா, வேலியோரத்து உடைமரத்த முள்ளோட திங்குது!"

ஆகஸ்ட் 18
பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் ஆறிவிட்டது. என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சூடு தோளிலேயே இருந்தது.

செப்டம்பர் 21
மாட்டு டாக்டர் தம்பியிடம் சொன்னாராம்: "மழைக்கு முன்னாடி மேட்டு நெலத்துக்கு மாத்திருங்க. இது மணல்ல நடக்குத காலு."
கரிசலைவிடவா நல்ல மண் இருக்கிறது! அதில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவள் நான். ஆபீஸில் ஆடிட் வேறு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 16
மூன்று நாளாக மழை.

அக்டோபர் 17
விடிந்ததும் தம்பி போன். "எக்கா, கரிசல்ல வழுக்கி விழுந்துட்டு. காலு ரெண்டு பக்கமும் விரிஞ்சுபோச்சு. எட்டு பேரு தூக்கிப் பாத்துட்டோம், முடியல."
ஓடினேன். இடுப்பு பிளந்துவிட்டது, ஊசி போட்டு அனுப்பிவைப்பதுதான் வழி என்றார் டாக்டர். சகதியில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடவே இல்லை அது.

எனக்குத் தெரியாத மண்ணா? மழை பெஞ்சா செருப்பு கால்ல நிக்காதே அதுல — சின்னப் பிள்ளையில எத்தனை தடவ விழுந்திருக்கேன்! அவரு படிச்சுப் படிச்சு சொன்னாரே. ஆடிட்டாம் ஆடிட்டு. நாந்தான் கொன்னுட்டேன்.

அக்டோபர் 19
எழுத முடியவில்லை.

அக்டோபர் 24
ஜவுளிக்கடை வாசலில் புதுப் போர்டு: 'எங்கள் விளம்பரங்களில் விலங்குகளைப் பயன்படுத்துவதில்லை.' ருக்ஸானா படம் அனுப்பினாள். குரூப் முழுக்கக் கைதட்டல். ஒட்டகம் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 26
குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ருக்ஸானா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 27
புளியங்குடியில் ஒரு நகைக்கடை தீபாவளிக்குக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறதாம். "எக்கா, அன்னைக்கு எழுதுன மாதிரி எங்களுக்கும் ஒண்ணு எழுதித் தாங்க" என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.
சாயங்காலம் நானே கூப்பிட்டேன். குதிரையைக் கொண்டுபோய் விட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு தோட்டம் இருக்கிறதாம்.
நாளைக் காலையில் மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் அந்த மண்ணைப் பார்க்க வேண்டும்.