நின்று நின்று வரும் அண்ணன்

மார்ச் 4
இன்றும் அண்ணனோடு சரியாகப் பேச முடியவில்லை. காது கேளாத மனுஷனுக்குக் கைதான் வாய். தூரத்தில் இருப்பதால் வீடியோவில்தான் பேச்சு. ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான், மூக்குப் பக்கம் வந்ததும் படம் நின்றுவிட்டது. மூக்கு நோண்டுகிறாயா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. நெட் கம்பெனிக்காரர்கள் நூறு வேகம் என்று சொல்லித்தானே மாதாமாதம் காசு வாங்குகிறார்கள்?

மார்ச் 6
சலவைக்கடையில் என்னோடு இஸ்திரி போடுபவள் போனில் வேகம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். வீட்டில் முள் பதினெட்டிலேயே நொண்டியது. கம்பெனிக்குப் போன் போட்டேன். "நூறு அனுப்புறோம்னீங்க, பதினெட்டுதான் வந்து சேருது. மிச்சத்த வழியில யாராச்சும் குடிச்சிட்டாங்களாப்பா?"

மார்ச் 9
லைன்மேன் வந்து, நெட் பெட்டியிலிருந்து ஒயரை நேராகத் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். தொண்ணூற்றாறு.
"லைன்ல குறை இல்லக்கா. பெட்டிய இரும்பு பீரோவுக்குப் பின்னால வச்சா சிக்னல் எப்படி வரும்?"
"திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு வச்சேன்."
"திருடனுக்கும் சிக்னல் கிடைக்காதுக்கா."
என்னையே வாரிவிட்டார். பெட்டியை உயரத்தில் மாட்டினோம். இப்போது படுக்கையறையிலும் தொண்ணூறு.

மார்ச் 10
படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கிண்டல் செய்தேன். பதில் சொல்லக் கையைத் தூக்கினான். பாதியில் நின்றது. மறுபடியும் நெட்டா என்று திட்டப் போனேன் —
அவனுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி துணிக்கூடையோடு குறுக்கே நடந்து போனாள்.
கை மட்டும் நின்றிருந்தது.

மார்ச் 11
அண்ணியைத் தனியாகக் கேட்டேன். "ஆறு மாசமா இப்படித்தான். நரம்பு வியாதியாம். போகப் போக இன்னும் மெதுவாயிடுமாம். நெட்டு சரியில்லன்னே அவ நெனச்சுக்கட்டும்னு உங்கண்ணன்தான் சொன்னாரு."
மத்தவங்களுக்குக் கை போனா வேலை போகும். இவனுக்குப் பேச்சே போகுதே. மூக்கு நோண்டுறியான்னு கேட்டேனே நான்.

மார்ச் 12
இஸ்திரியில் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டேன்.

மார்ச் 14
அண்ணனிடம் கையால் சொன்னேன். லைன்மேன் வந்தும் சரியாகவில்லை, எங்கள் பக்கம்தான் கோளாறு, நீ நிதானமாகப் பேசு, வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என்னையே பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். நான் அசையவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.
'கட்டின காசத் திருப்பிக் கேளு.'
கேட்கிறேன் என்றேன்.