ஏழாம் எண் கார் ஓட்டுநர் கையை உயர்த்திய காரணம்

அனுப்புநர்
ஏழாம் எண் கார் ஓட்டுநர்
(தற்போது பந்தயத் தடையில் உள்ளவர்),
பந்தயத் தடத்தின் பின்புறக் குடியிருப்பு.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
கார் பந்தயச் சங்கம்.

பொருள்: இறுதிப் பந்தயத்தில் நான் வழிவிட்டது அணியின் உத்தரவால்தான் எனத் தீர்ப்பைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே அணிக்குக் கார் ஓட்டி வருகிறேன். அணியின் உரிமையாளர் என் மாமனார். மற்றொரு ஓட்டுநர் என் மனைவியின் தம்பி. புதிய எஞ்சின் வந்தால் அவருக்கு, அவர் கழற்றிப் போட்டது எனக்கு என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். அந்தப் பழைய எஞ்சினோடுதான் இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்று வரை நான் முன்னிலையில் இருந்தேன். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

2. அந்தச் சுற்றில் ரேடியோவில் மாமனாரின் குரல் வந்தது: “மாப்ள, தம்பிக்கு வழி விடுங்க. மத்ததை வீட்ல பேசிக்கலாம்.” வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திவைத்த எதுவும் இன்றுவரை வீட்டில் பேசப்பட்டதில்லை. ஆயினும் அணியின் சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை. பின்பக்க நேர்த்தடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கூடவே வலது கையை உயர்த்தினேன். தோற்காமல், தெரிந்தே வழிவிடுபவன் கையை உயர்த்திக் காட்டுவது ஓட்டுநர்களுக்குள் உள்ள வழக்கம். தாங்களும் ஒரு காலத்தில் ஓட்டியவர், அறிவீர்கள்.

3. அணி இவ்வாறு உத்தரவிடுவது சங்க விதிப்படி குற்றம். எனவே விசாரணைக் குழுவிடம் மாமனார், தாம் எதுவும் சொல்லவில்லை என்றும், ரசிகர்களுக்குக் கையசைக்கப் போய் நான் கோட்டைவிட்டேன் என்றும் கூறினார். குழு ரேடியோ ஒலிப்பதிவைக் கேட்காமலே அதை நம்பி, கவனக்குறைவுக்காக எனக்கு மூன்று மாதத் தடை விதித்தது. ஐயா, பின்பக்க நேர்த்தடத்தில் ரசிகர்களே கிடையாது. ஒரு மதிலும் பழைய டயர் குவியலும்தான் உண்டு. டயர்களுக்கு டாட்டா காட்டும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

4. பந்தயம் முடிந்த அன்றே மைத்துனர் கோப்பையோடு பட்டறைக்கு வந்து, “என்ன அத்தான், கடைசியில தூங்கிட்டீங்களா?” என்றார். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். தலைமை மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காதிலும் அதே ரேடியோ இருந்தது. விசாரணையில் அவரும் வாய் திறக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

5. ஆகவே, கட்டுப்பாட்டு அறையிலுள்ள ரேடியோ ஒலிப்பதிவைத் தாங்களே நேரில் கேட்க வேண்டும். கோப்பையை நான் கேட்கவில்லை. உத்தரவுக்குப் பணிந்த ஓட்டுநருக்கும் இரண்டு ஆண்டுத் தடை என்று அதே விதி சொல்கிறது. படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அது முடியும்போது எனக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பிறகு யாரும் எனக்குக் கார் தரமாட்டார்கள். இருப்பினும், மூன்று மாதத் தடையை ரத்து செய்து, எனக்கு உரிய இரண்டு ஆண்டுத் தடையை விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தூங்கித் தோற்றவன் என்ற பெயரோடு மூன்று மாதத்தில் திரும்பி வர எனக்கு விருப்பமில்லை.

6. இம்மனுவை அனுப்பும் முன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இதில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர்கள் அவருடைய அப்பாவும் தம்பியும். “அனுப்புங்க. வீட்ல பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்” என்றார்.

தங்கள் செவிகளை மட்டுமே நம்பும்,
(ஒப்பம்)
ஏழாம் எண் கார் ஓட்டுநர்

நாள்: மார்ச் 9
இடம்: பந்தயத் தடக் குடியிருப்பு