நகத்தால் தடவிப் பாருங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தப் பார்சல் வந்து சேரும்போது நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இன்று மதியத்திலிருந்து கால் தரையில் நிற்கவில்லை!

என் பயிற்சிக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது என்று சொல்லியிருந்தேன். சொல்லாதது ஒன்று உண்டு. லேத்தில் கடையும் இரும்புத் தண்டுகளுக்கு வேகம், வெட்டு ஆழம் எல்லாம் எழுதிக்கொடுப்பது என் வேலை. புத்தகத்தைப் பார்த்து நான் கொடுத்த கணக்கில் கடைந்த பத்துத் தண்டுகளும் உடம்பெல்லாம் அலை அலையாகக் கோடு விழுந்து, சோதனையில் தேறாமல் திரும்பி வந்துவிட்டன. ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும், "அடுத்த பத்தும் திரும்பி வந்தா டிகிரிய வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்றார். நம் வீட்டில் நீங்கள் பெருமையாகச் சொல்லும் சொல், இங்கே எனக்குக் கேலிப்பெயர்.

மூன்று நாள் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். தண்டில் வெட்டும் டூல் பட்டதும் லேத் அலறும். ஆபரேட்டர் அண்ணன் வெட்டைக் குறைத்துப் பார்ப்பார்; அலறல் நிற்காது. அப்போதுதான் கவனித்தேன். டூலை நான்கு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக் கட்டியிருந்தார். அப்படிக் கட்டினால் எல்லா வேலைக்கும் ஒரே கட்டு போதும், கழற்றி மாட்ட வேண்டாம். ஆனால் நீட்டிய டூல் நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் தண்டில் கோடாக விழுகிறது. புத்தகக் கணக்கு டூலைக் குட்டையாகக் கட்டுபவர்களுக்கு!

சொல்ல வாய் வந்தால்தானே? அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாக்கட்டியை எடுத்து மெஷின் மூடியிலேயே எழுதினேன்: "டூல் இரண்டு விரல். வேகம் 800 சுற்று வேண்டாம், 650."

"என்ன டிகிரி, பாடம் எடுக்கிறியா?" என்றார் ஃபோர்மேன். ஆனாலும் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்பா, அலறல் இல்லை! இரும்புச் சீவல் சுருண்டு விழும் சத்தம் மட்டும். "கச்சேரி முடிஞ்சுபோச்சும்மா" என்று அண்ணன் சிரித்தார். பத்தும் தேறின. ஃபோர்மேன் கடைசித் தண்டை நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். எங்கும் தடுக்கவில்லை. "நாளைக்கு வந்துடு" என்றார்.

"நாளைக்கு மட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். நானா கேட்டேன்!

"எல்லா நாளும் வா. சாக்கட்டிய மட்டும் வச்சுட்டு வா."

இதோடு இரண்டு இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன், கோடு விழுந்தது ஒன்று, தேறியது ஒன்று. கண்ணை மூடி நகத்தால் தடவிப் பாருங்கள். இருபத்தாறு வருடம் லேத்தில் நின்றவருக்கு எது எது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று அப்பா. போனில் கூப்பிட்டால் "லைன் சரியில்லம்மா" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். லைன் சரியாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் நின்றதற்கே எனக்கு மாலையில் காது அடைத்துப்போனது.

அடுத்த மாதம் வருகிறேன். என்னோடு காது டாக்டரிடம் வாருங்கள், எனக்காக. அந்தச் சத்தம் நின்ற கதையை என் வாயாலேயே உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
டிகிரி