விலைவாசிப் பணமும் கிளைவின் பூட்ஸும்

செப்டம்பர் 6, 2022 – செவ்வாய்

இந்த மாதம் அரசு உதவித்தொகை பூஜ்யம். எதிர்பார்த்ததுதான். மீன் ஃபேக்டரியில் நாலு வாரத்துக்கு ஒரு தரம் சம்பளம் போடுகிறார்கள். அதனால் வருஷத்தில் ஏதாவது ஒரு மாதம் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு சம்பளம் விழுந்துவிடும். ஆகஸ்டில் விழுந்தது. உதவித்தொகை ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னைப் பணக்காரி என்று முடிவு கட்டிவிட்டது. அடுத்த மாதம் அதுவே சரியாகிவிடும். மகள் கீலிக்கு ஸ்கூல் ஷூ வாங்கியாயிற்று.

அக்டோபர் 7 – வெள்ளி

உதவித்தொகை பழையபடி வந்துவிட்டது.

என் ஆள் கிளைவும் வந்திருக்கிறான். வெள்ளி, சனி இங்கே. மற்ற நாள் பக்கத்து ஊர் கிளீதார்ப்ஸில், அவன் ஃப்ளாட்டில். வந்ததும் வராததுமாக அவன் பூட்ஸை எடுத்து மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பல் பிரஷ் எப்போதும் அவன் கோட்டுப் பாக்கெட்டில்தான். என் வீட்டுக் குவளையில் இரண்டே பிரஷ் – எனக்கும் கீலிக்கும்.

"இந்த வயசுல பிரஷ்ஷ பாக்கெட்ல வச்சிக்கிட்டு வர்றேன். எங்கம்மா பாத்தா வயிறு வலிக்கச் சிரிப்பா" என்றான்.

சிரிக்கட்டும். ஆம்பிளை ஒருத்தன் இங்கேயே குடியிருக்கிறான் என்று உதவித்தொகை ஆபீஸில் யாராவது சொல்லிவிட்டால் அவன் சம்பளத்தையும் என் கணக்கில் சேர்ப்பார்கள். உதவி போயே போச்சு. எதிர்வீட்டு மொரீனுக்கு வேறு வேலை என்ன? எழுபது வயசு, தனிக்கட்டை. அந்த ஜன்னல் திரை ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை.

நவம்பர் 9 – புதன்

விலைவாசி ஏறியதற்காக, உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அரசு தனியாகத் தரும் விலைவாசிப் பணத்தின் இரண்டாம் தவணை நேற்றிலிருந்து வருகிறது. என் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் வெண்டிக்கு டீ நேரத்தில் வந்தது. கழிவறைக்குப் போய் என் ஃபோனைப் பார்த்தேன். 'நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று எந்தத் திருடனோ அனுப்பியிருந்தான். யார்கிட்ட? நிஜப் பணம் கேட்காமலே தானாக வரும். அழித்துவிட்டேன்.

நவம்பர் 18 – வெள்ளி

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது மொரீன் கேட்டாள்: "எனக்கு வந்துடுச்சும்மா. உனக்கு வந்துச்சா?"

வந்தது என்று சொன்னேன். ஏன் கேட்கிறாள்? எனக்கு வரவில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியுமோ?

சாயங்காலம் கிளைவின் வேன் வந்து நின்றதும் திரை விலகியது. அவள் காதில் ஃபோன். என் கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 23 – புதன்

பணம் போடும் கெடு இன்றோடு முடிந்தது. வரவில்லை.

ஜூலையில் முதல் தவணை வந்ததே. அப்போதைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? ஜூலையில் கிளைவ் இல்லை. வேறென்ன வேண்டும் எனக்கு? எவளோ போட்டுக் கொடுத்திருக்கா.

முன்கூட்டிக் காசு போட்டால்தான் ஓடும் கேஸ் மீட்டர் இப்போது அவசரக் கடனில் ஓடுகிறது. அந்தப் பணத்தை நம்பித்தான் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கீலி கோட்டைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பர் 25 – வெள்ளி

கிளைவை வரவேண்டாம் என்றேன். வந்து நின்றான்.

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நீயா நெனச்சிக்கற. ஆபீஸ்ல கேட்டியா?"

கேட்பதாவது. நானே போய்த் தலையைக் கொடுப்பதா? இவன் ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கிறான்? மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "நீதான் பப்ல ஊத்திக்கிட்டு எவன்கிட்டயாவது உளறியிருப்ப. என் சோத்துல மண்ணப் போட்டுட்ட."

"என் பூட்ஸ படிக்கட்டுக்கு அடியில ஒளிச்சப்பகூட எனக்குக் கோவம் வரல, டெனீஸ்" என்றான். கால்களில் இருந்த ஷூவோடு போய்விட்டான். போன வாரம் விட்டுப்போன பூட்ஸ் இங்கேயே கிடக்கிறது.

நவம்பர் 26 – சனி

தெருவில் வைத்தே மொரீனைக் கேட்டுவிட்டேன். அடுத்தவள் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்க்க வெட்கமாக இல்லையா, எத்தனை காசு கொடுத்தான் கவர்ன்மென்ட்டு – இன்னும் என்னென்னவோ. எழுதக் கை வரவில்லை.

"சரிம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மறுத்தே பேசவில்லை. அப்போ அவதானே?

நவம்பர் 30 – புதன்

ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். இனி இழக்க என்ன இருக்கிறது? ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொன்றுவிட்டு ஒரு பெண் வந்தாள். சின்னக் குரல்.

"உங்க மேல யாரும் எந்தப் புகாரும் குடுக்கலைங்க. ஆகஸ்ட்ல ரெண்டு சம்பளம் வந்திருக்கு. அந்த மாசக் கணக்குக்கு உங்க உதவி பூஜ்யம். இந்தத் தவணைக்குப் பாக்கற மாசம் அதுதான். உதவி வாங்காத மாசமா இருந்ததால பணம் இல்ல."

"எங்க ஃபேக்டரி நாலு வாரத்துக்கு ஒருக்கா போடறான். நான் அதிகமா ஒரு பைசா சம்பாதிக்கலயே."

"தெரியுங்க. இன்னைக்கு மட்டும் உங்கள மாதிரி நெறைய பேரு கூப்பிட்டுட்டாங்க. ஒண்ணும் பண்ண முடியாது."

யாருமே சொல்லவில்லை. யாருமே. அந்தப் பூஜ்யத்தை நானே என் கண்ணால் பார்த்து, வழக்கம்தான் என்று தள்ளிவிட்டுப் போனேன்.

டிசம்பர் 1 – வியாழன்

மொரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கும்போது அழுகை வந்துவிட்டது, கர்மம். அவள் டீ போட்டாள்.

"அன்னைக்கு ஃபோன்ல என் தங்கச்சி. 'எதிர்வீட்டுப் பொண்ணுக்கு நல்ல ஆளா ஒருத்தன் கெடச்சிருக்கான்'னு சொல்லிட்டிருந்தேன். அவன் பிரஷ்ஷ பாக்கெட்ல வச்சிட்டு வர்றது இந்தத் தெருவுக்கே தெரியும்டி. சொல்றதா இருந்தா இந்நேரம் யாராச்சும் சொல்லியிருக்க மாட்டாங்களா?"

வீட்டுக்கு வந்து கிளைவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஆபீஸ்ல சொன்னாத்தான் என்னை நம்புவ" என்றான். வைத்துவிட்டான்.

டிசம்பர் 25 – ஞாயிறு

கிளைவ் ஃபோனை எடுக்கவில்லை. கீலி கேட்டாள், கிளைவுக்கு வாங்கிய சாக்ஸை என்ன செய்வது என்று.

ஏப்ரல் 28, 2023 – வெள்ளி

புதுத் தவணை விழுந்தது. கேட்காமலே, தானாக. இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை – சம்பளம் ஒன்று, பிரஷ் இரண்டு. இனி என்னைப் பற்றி யார் போய் எதைச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

மீட்டருக்குக் காசு போட்டுவிட்டு வந்தேன். வெயில் வந்த பிறகு வீட்டைச் சூடாக்கப் பணம். சிரிப்புத்தான் வந்தது.

போன மாதம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். சேர்ந்து குடியிருக்கிறோம் என்று ஆபீஸில் சொல்லிவிடலாம், உதவியில் குறைப்பதைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று. பதில் இல்லை.

இன்று மாடிப்படிக்கு அடியில் இருந்து அவன் பூட்ஸை எடுத்துத் தூசு தட்டி வாசலில் வைத்தேன். தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற மாதிரி. மொரீன் ஜன்னலைத் திறந்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. உள்ள எடுத்து வை."

"வெளியிலேயே இருக்கட்டும்."

அவள் பூட்ஸைப் பார்த்தாள். அப்புறம் தெருமுனையைப் பார்த்தாள்.

"நீ போய் உன் வேலையப் பாரு. நான் எப்படியும் இங்கதான் உக்காந்திருப்பேன். வேன் வந்தா சொல்றேன்" என்றாள்.